ஏரியில் படகு ஏறும் முன்: வட ஆற்காட்டு நீர்நிலைகளில் பாதுகாப்பும் வேகமும்

வட ஆற்காட்டு ஏரி ஒன்றில் படகை இறக்குபவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, அந்த ஏரி ஆண்டின் பெரும்பகுதியில் ஏரியாக இருப்பதில்லை என்பதாகும். பங்குனியிலும் சித்திரையிலும் ஆடுகள் மேய்ந்து, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடி, வண்டல் மண் ஏற்றிய டிராக்டர்கள் தடம் போட்டுச் சென்ற அதே தரையின் மேல்தான் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. கடலோரத்திலோ கேரளத்துக் காயல் கரையிலோ பிறந்தவருக்குப் படகு அன்றாடப் பழக்கம். பாலாற்றை மணலாகவே பார்த்து வளர்ந்த நமக்கு அது எப்போதோ ஒருநாள் வாய்ப்பது. ஆகையால் அவர்களுக்குச் சிறுவயதிலேயே கைவந்துவிடும் விதிகளை நாம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நீச்சலும் அப்படித்தான். நம் பகுதியில் நீந்தத் தெரிந்தவர்களில் பலர் விவசாயக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு பழகியவர்கள். கிணற்றில் நாலு கை வீசினால் சுவர் வந்துவிடும், பிடித்துக்கொள்ளப் படிக்கல் இருக்கும். ஏரி நடுவில் விழுந்தவருக்குக் கரை கண்ணுக்கு அருகில் தெரிந்தாலும், நீந்த நீந்த விலகிப்போவது போலவே இருக்கும். உடுத்திய துணி நனைந்து காலைப் பின்னும். "எனக்கு நீச்சல் தெரியும், ஜாக்கெட் வேண்டாம்" என்று சொல்பவரை நான் நீச்சல் தெரியாதவராகவே கணக்கில் எடுத்துக்கொள்வேன்.

ஏலகிரி மலையின் புங்கனூர் ஏரியில் குடும்பத்தோடு துடுப்புப் படகிலோ மிதிபடகிலோ ஏறுபவர்களுக்கும், தம் ஊர் ஏரியில் மீன் பிடிக்கவும் ஆகாயத்தாமரை அகற்றவும் பிள்ளையார் சிலை கரைக்கவும் படகு இறக்கும் இளைஞர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

ஜாக்கெட்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு படகுத்துறையில், அப்போது ஆறு வயதாக இருந்த என் தங்கை மகனுக்குப் பெரியவர்கள் அணியும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, "சும்மா ஒரு ரவுண்டுதானே சார்" என்று ஊழியர் எங்களைப் படகை நோக்கி அனுப்பினார். கடைசிப் படியில் நின்று, ஜாக்கெட்டின் இரு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். ஜாக்கெட் மட்டும் என் கையோடு வந்தது. பையன் இரண்டு கைகளையும் உயர்த்தியபடி, நின்ற இடத்திலேயே சிரித்துக்கொண்டு நின்றான். அவன் தண்ணீரில் விழுந்திருந்தால் கரையில் இருந்தவர்கள் மிதக்கும் ஜாக்கெட்டைத்தான் பார்த்திருப்பார்கள். அன்று நாங்கள் படகு ஏறவில்லை.

தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பதே வீட்டார் செய்யக்கூடிய மிக எளிய சோதனை. தூக்கும்போது ஜாக்கெட் காது மட்டத்துக்கு ஏறினால் அது பெரியது அல்லது வார்கள் தளர்ந்திருக்கின்றன. குழந்தைகளுக்கான ஜாக்கெட்டை வயதைப் பார்த்து எடுக்கக் கூடாது. உடல் எடையைப் பார்த்தே எடுக்க வேண்டும். இரண்டு கால்களுக்கும் நடுவே போகும் வார் அதில் இருந்தாக வேண்டும். பிறகு பூட்டுகளைப் போட்டு, 'டக்' என்ற சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் பஞ்சுப் பலகையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அழுத்திய பள்ளம் மேலெழாமல் அப்படியே கிடந்தால் அந்த ஜாக்கெட் மிதக்கும் திறனை இழந்து வருகிறது என்று பொருள்.

உட்புறத்தில் 50, 100, 150 என்று நியூட்டன் கணக்கில் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். நீரில் மூழ்கிய மனித உடலைத் தாங்கிப் பிடிக்கச் சுமார் நான்கைந்து கிலோ தூக்குவிசை போதும் என்பதால், ஏறக்குறைய பத்து கிலோ தூக்கும் 100 நியூட்டன் ஜாக்கெட் அமைதியான ஏரிக்குப் போதுமானது. 50 என்று எழுதியது நன்றாக நீந்தத் தெரிந்தவர், உதவி அருகிலேயே இருக்கும்போது அணிவது. மயங்கியவரின் முகத்தை அது மேல்நோக்கித் திருப்பாது. சேலை உடுத்தியவர்கள் முந்தானையை இழுத்துச் செருகிவிட்டு அதன் மேல் ஜாக்கெட்டை அணிய வேண்டும். சேலைக்கு உள்ளே அணிந்தால் நனைந்த துணி ஜாக்கெட்டோடு சேர்ந்து கழுத்தைச் சுற்றிக்கொள்ளும்.

ஆள் கணக்கு

நம் நாட்டில் நடந்த பெரிய படகு விபத்துகளைப் படிக்கும்போது, வேகத்தைவிடக் கூட்டமே அடிக்கடி முன்னால் வந்து நிற்கிறது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர் இறந்தார்கள். காட்டு விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது. 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டத்துத் தானூரில், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றி இருட்டிய பிறகு சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹரணி ஏரியில் இறந்த 14 பேரில் 12 பேர் சுற்றுலா வந்த பள்ளிக் குழந்தைகள். அங்கும் படகில் அளவுக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள், எல்லோருக்கும் ஜாக்கெட் தரப்படவில்லை. ஹரணி கடலும் அல்ல, காயலும் அல்ல. நம் ஊர் ஏரிகளைப் போல நகரத்துக்கு நடுவே இருக்கும் ஓர் ஏரிதான் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

படகின் பக்கவாட்டில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறதோ அதுவே உச்ச அளவு. மடியில் வைத்துக்கொள்ளும் குழந்தையும் ஓர் ஆள்தான். எண் எழுதாத படகில், எல்லோரும் அமர்ந்த பிறகு படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே உள்ள உயரத்தைப் பாருங்கள். ஒரு சாணுக்குக் குறைவாக இருந்தால் ஒருவரையாவது இறக்கிவிடுவேன் என்பது என் கட்டுப்பாடு. ஏறும்போது ஒவ்வொருவராக, குனிந்து, நடுப்பகுதியில் கால் வைத்து ஏற வேண்டும். செல்ஃபிக்காக எல்லோரும் ஒரு பக்கம் சாய்வதும், இடம் மாற எழுந்து நிற்பதும் சிறு படகைக் கவிழ்க்கப் போதுமானவை. மூங்கில் பரிசல் இன்னும் கூருணர்வு உடையது. ஒருவர் நகர்ந்தாலும் அது அந்தப் பக்கம் தாழும். ஒகேனக்கல் போகிறவர்கள் பரிசல்காரர் உட்காரச் சொன்ன இடத்திலேயே கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

வேகம்

துறையிலோ நுழைவாயிலிலோ வேக வரம்பு எழுதிய பலகை இருந்தால் அந்த எண்ணுக்குக் கட்டுப்பட வேண்டும், அதில் பேச்சில்லை. பலகை இல்லாத ஏரியில் விசைப்படகு ஓட்டுபவர் தம் வேகத்தைத் தாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கடலில் மோதலைத் தவிர்க்க 1972-இல் உலக நாடுகள் சேர்ந்து வகுத்த விதிகளில் ஆறாவது விதி 'பாதுகாப்பான வேகம்' பற்றியது. அது கிலோமீட்டர் எண் எதையும் தருவதில்லை. எதிரே ஏதாவது வந்தால் விலகவும், அந்தச் சூழலுக்கு ஏற்ற தூரத்துக்குள் நிற்கவும் இயலும் வேகமே பாதுகாப்பான வேகம் என்கிறது. கடலுக்காக எழுதியதானாலும் ஏரிக்கு இதைவிடச் சரியான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

படகுக்குப் பிரேக் கிடையாது என்பதை மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகிய கை எளிதில் ஏற்பதில்லை. மணிக்கு 20 கிலோமீட்டர் சாலையில் சைக்கிள் வேகந்தான். தண்ணீரில் அதே வேகம் விநாடிக்கு ஐந்தரை மீட்டர்; எதிரே ஒரு தலை தெரிந்து, மூளை அதைப் புரிந்துகொண்டு, கை முடுக்கியைக் குறைப்பதற்குள் படகு பதினைந்து மீட்டருக்கு மேல் போயிருக்கும், அதன் பிறகும் அது நழுவிக்கொண்டே போகும். நியூசிலாந்தில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள்ளும், நீந்துபவரிடமிருந்தோ மற்றொரு படகிலிருந்தோ 50 மீட்டருக்குள்ளும் 5 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், ஆக, அது மணிக்கு ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், மெல்ல ஓடும் மனிதனின் வேகம். அந்த 200 மீட்டர் கணக்கை வைத்துப் பார்த்தால் நம் சிற்றேரிகளில் பல முழுவதுமே கரையோரம் ஆகிவிடும். காவேரிப்பாக்கம் ஏரியைப் போன்ற அகன்ற நீர்ப்பரப்புகளை விட்டுவிட்டால், மெல்ல ஓடும் மனிதனின் வேகத்துக்கு மேல் போக நம் ஏரிகளில் நியாயமான தேவை எதுவும் இல்லை. துறையை நெருங்கும்போது அதுவும் நடை வேகமாகக் குறைய வேண்டும்.

வேகமானி இல்லாத படகில் இதை எப்படி அறிவது? கைப்பேசியின் வரைபடச் செயலி காட்டும். அது இல்லாவிட்டால், படகின் முன்முனையில் ஒருவர் ஒரு குச்சியைத் தண்ணீரில் போட, அது பின்முனையைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று மற்றவர் எண்ணலாம். ஐந்து மீட்டர் நீளமுள்ள படகை அது இரண்டு விநாடியில் கடந்தால் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர். நான்கு விநாடி எடுத்தால் நான்கரை, அதாவது நடை வேகம். இரண்டு மூன்று முறை செய்து பார்த்தால் முடுக்கியின் எந்த நிலை எந்த வேகம் என்று கை தானே அறிந்துகொள்ளும்.

வேகத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அது படகு கிளப்பும் அலை. முன்முனை தூக்கி, பின்முனை புதைந்து செல்லும் இடைப்பட்ட வேகத்தில்தான் படகு மிகப் பெரிய அலையை எழுப்பும். வேகமாக வந்தவர் துறைக்கு அருகில் சிறிது மட்டும் குறைத்தால் படகு அந்த இடைநிலையில் மாட்டிக்கொண்டு முன்பைவிடப் பெரிய அலையைக் கரைக்கு அனுப்பும். ஆகவே வெகு தொலைவிலேயே குறைக்கத் தொடங்கி, படகு தண்ணீரில் மட்டமாக அமரும்வரை குறைக்க வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் அலை இன்னும் உயரும். அந்த அலை பரிசலில் வலை விரித்திருப்பவரைக் கவிழ்க்கும், படித்துறையில் துணி துவைப்பவரின் காலை வாரும். கல் பதிக்காத மண்கரையை நாளுக்கு நாள் அரித்து, மழைக்காலத்தில் உடைப்பெடுக்கும் அளவுக்குக் கொண்டுபோய்விடும்.

ஏரியின் அடியில் இருப்பதும் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். ஏரிக்குள் நட்டு வளர்த்த கருவேல மரங்கள் பாதி மூழ்கி நிற்கும். வெட்டிய மரங்களின் கட்டைகள் ஒரு முழம் நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். மண் எடுத்த பள்ளத்தில் ஆழம் திடீரென்று மூன்று மடங்காகும். கோடையில் ஏரி வற்றியிருக்கும்போது ஒருமுறை உள்ளே நடந்து, கட்டைகளும் பள்ளங்களும் எங்கெங்கே என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். கடலோரத்தாருக்குக் கிடைக்காத இந்த வசதி நமக்கு ஆண்டுதோறும் கிடைக்கிறது.

அவுட்போர்டு மோட்டார் பொருத்திய படகில், ஓட்டுபவரின் மணிக்கட்டில் மாட்டும் சுருள் கயிறு ஒன்று இருக்கும். அவர் தவறி விழுந்தால் அது இழுபட்டு இன்ஜினை நிறுத்தும். இடைஞ்சல் என்று அதைச் சுருட்டி வைத்துவிடுபவர்கள் உண்டு. ஆளில்லாத படகு முழு வேகத்தில் வட்டமடித்து, விழுந்தவர் மீதே புரொப்பெல்லருடன் திரும்பி வரும் என்பதால்தான் அந்தக் கயிறு வைக்கப்பட்டிருக்கிறது. நீரில் இருப்பவரை நெருங்கும்போது இன்ஜினை அணைத்துவிட்டுத் துடுப்பால் போக வேண்டும். விநாயகர் சதுர்த்திக்குச் சிலை கரைக்கும் நாளில், இளைஞர்கள் கூட்டமாக இறங்கியிருக்கும் பக்கம் விசைப்படகே போகக் கூடாது.

இரண்டு படகுகள் சந்திக்கும்போது

சாலையில் நாம் இடப்பக்கம் போகிறோம். தண்ணீரில் வலப்பக்கம் போக வேண்டும். நேரெதிராக வரும் இரண்டு விசைப்படகுகளும் தத்தம் வலப்பக்கம் திரும்ப வேண்டும். சாலைப் பழக்கத்தில் ஒருவர் இடப்பக்கம் ஒடித்தால் மோதல் உறுதி. குறுக்கே வரும் படகு உங்கள் வலப்பக்கத்திலிருந்து வந்தால் நீங்கள் வழிவிட வேண்டும். முந்துபவர் முந்தப்படுபவருக்கு இடம் விட்டு விலகிச் செல்ல வேண்டும். துடுப்புப் படகுக்கும் மிதிபடகுக்கும் விசைப்படகு எப்போதும் வழிவிட வேண்டும். ஒரு குறுகிய ஒலி, நான் வலப்பக்கம் திரும்புகிறேன் என்றும், இரண்டு ஒலி இடப்பக்கம் என்றும், ஐந்து ஒலி, நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை என்றும் பொருள்படும். இருட்டிய பிறகு ஏரியில் படகு விடவே வேண்டாம் என்பதே என் கருத்து.

கோடியும் மதகும்

ஏரி நிரம்பி, உபரிநீர் வழியும் இடமான கோடி வழியே தண்ணீர் போகும் நாளில் ஊரே வேடிக்கை பார்க்கப் போகும். அன்று படகு கரையில் கட்டியே கிடக்க வேண்டும். கோடிக்கு மேற்புறம் நீர் அசையாதது போலத் தோன்றும். அருகில் போன பிறகே அதன் இழுப்பு தெரியும், அதற்குள் துடுப்பின் வலு போதாமல் போய்விடும். மதகு இன்னும் மோசம். திறந்த மதகுக்கு நேர் மேலே நீர்மட்டத்தில் ஒரு சிறு சுழிப்பு மட்டுமே காணும். அடியில் அது ஆளை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். மதகு, கோடி இரண்டுக்கும் அருகே மிதவைக் கயிறு கட்டச் சொல்லி ஊராட்சியிடம் கேளுங்கள்.

ஆற்றில் வெள்ளம் வரும்போது உல்லாசப் படகுக்கு இடமே இல்லை. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது, ஆண்டுக்கணக்கில் மணல் எடுத்த பள்ளங்கள் எல்லாம் அந்த நீருக்கு அடியில்தான் இருந்தன. சாத்தனூர் அணைக்குக் கீழே தென்பெண்ணையில் இறங்குபவர்களும் அணைத் திறப்பு அறிவிப்பைக் கேட்காமல் இறங்கக் கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது, அங்கிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் நீர் வெளியேறியது.

வானம்

நம் பக்கத்தில் ஆனி முதல் புரட்டாசி வரை பகல் முழுவதும் வெயில் காய்ந்து, மாலையில் இடிமழை இறங்குவது வழக்கம். படகுக்குக் கூட்டம் சேர்வதும் அதே மாலை நேரத்தில்தான். மழைக்கு முன்னால் குளிர்ந்த காற்று ஒன்று திடீரென்று வீசும். அமைதியாக இருந்த ஏரியில் சில நிமிடங்களில் அலை எழும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது விநாடி அல்லது அதற்குக் குறைவு என்றால் இடி பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது; உடனே கரைக்குத் திரும்ப வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழியும்வரை மீண்டும் இறங்கக் கூடாது. மின்னல் எச்சரிக்கை தரும் தாமினி செயலியைப் படகு ஓட்டுபவர் கைப்பேசியில் வைத்திருப்பது நல்லது.

சட்டம் சொல்வது

1917-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021, இயந்திரத்தால் ஓடும் கலத்துக்குப் பதிவு, தகுதி ஆய்வுச் சான்று, பயிற்சிச் சான்று பெற்ற பணியாளர், காப்பீடு ஆகியவற்றைக் கேட்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 282-ஆம் பிரிவின்படி, பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கும்படி முரட்டுத்தனமாகவோ கவனக்குறைவாகவோ கலத்தை ஓட்டினால் ஆறு மாதம் வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். கூலி வாங்கிக்கொண்டு, பாதுகாப்பற்ற அல்லது அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகில் ஆளைக் கொண்டுசெல்வதை 284-ஆம் பிரிவு தண்டிக்கிறது. அதற்கும் ஆறு மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம். டிக்கெட் வாங்கும்போது பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

கவிழ்ந்துவிட்டால்

கவிழ்ந்த படகு பெரும்பாலும் மிதக்கும்; அதை விட்டு நீந்திப் போகாமல் பிடித்துக்கொண்டு இருப்பதே உயிர்காக்கும். கரையில் இருப்பவர் உடனே குதிக்கக் கூடாது. நம் ஊர்களில் ஒருவரைக் காப்பாற்றக் குதித்து இருவராக, மூவராக இறந்த செய்திகளை நாம் படித்துக்கொண்டே இருக்கிறோம். முதலில் கழியையோ துடுப்பையோ நீட்ட வேண்டும். எட்டாவிட்டால் வேட்டியை, சேலையை முறுக்கி வீச வேண்டும். ஐந்து லிட்டர் காலி எண்ணெய் கேனை இறுக மூடி, அதன் கைப்பிடியில் பதினைந்து மீட்டர் நைலான் கயிறு கட்டி ஒவ்வொரு படகிலும் துறையிலும் வைத்திருங்கள். கேனுக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மூடினால் காற்றில் திசை மாறாமல் போய் விழும். அதேநேரம் ஒருவர் 112 அல்லது 108-ஐ அழைக்க வேண்டும்; தீயணைப்பு மீட்புக்கு 101, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

கரை சேர்த்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நெடுங்காலப் பழக்கம். இரண்டுமே நேரத்தை வீணாக்கி, வயிற்றில் இருப்பதை நுரையீரலுக்குள் தள்ளிவிடும். மூச்சில்லை என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னே சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாய் வழியாக இரண்டு முதல் ஐந்து முறை மூச்சை ஊத வேண்டும். நீரில் மூழ்கியவருக்குக் குறைந்துபோனது காற்று என்பதால் அதுவே முதலில் வருகிறது. பிறகு மார்பின் நடுவில் ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற கதியில் முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி ஆள் தொடர வேண்டும். அவர் கண் விழித்து, "எனக்கு ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போறேன்" என்று சொன்னாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. நுரையீரலுக்குள் போன நீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணறடிக்கும் என்பதால், ஈரத் துணியை மாற்றி, போர்வை சுற்றி, நேராக மருத்துவமனைக்குக் கொண்டுசென்று மருத்துவர் போகலாம் என்று சொல்லும்வரை அங்கேயே வைத்திருக்க வேண்டும்.